கனகசுந்தரத்தின் இங்கிலீசு

கீழுதட்டை மேற்பல்லால் கடித்தபடியே கனகசுந்தரம் மீன்கடையில் நிற்பார். ‘வெரி’ என்ற சொல்லின் முதல் ஓசை அப்படித்தான் பிறக்கவேண்டுமாம். மீன்காரி, பாவம், அவருக்குப் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு வைக்கச் சொன்னாள்.

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலேறும் தேயிலைப் பெட்டிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. கணக்கெழுதும் கிளாக்கர் கதிரையில் ஒருநாளாவது உட்கார்ந்துவிடவேண்டும் என்பது ஆசை. இங்கிலீசு வந்தால் கதிரையும் வரும் என்று நம்பினார். நாளுக்கு ஒரு சொல். விடிந்ததும் உச்சரிப்பு. தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பேப்பர்’ என்பார். மூச்சுப் பட்டுத் தாள் துள்ளினால் சரி, துள்ளாவிட்டால் மறுபடியும். மத்தியானத்துக்குள் கருத்து. இராச்சாப்பாட்டுக்கு முன் அந்தச் சொல்லை யாரிடமாவது வசனத்தில் வைத்துச் சொல்லிவிடவேண்டும். வேறு ஆள் கிடைக்காத நாளில் மனைவி நல்லம்மா அகப்படுவாள்.

“சொதிக்கு உப்பு இன்டிஸ்பென்ஸபிள். அது இல்லாமல் ஏலாது எண்டு கருத்து.”

“உப்புக் காணாது எண்டு நேரா சொல்லுங்கோவன்,” என்பாள் அவள்.

அரசாங்க அலுவலுக்குச் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபோது, கூட வேலைபார்த்த ஆதம்பாவா மாலை வகுப்பில் சேர்ந்து சிங்களம் படித்தார். இவரையும் வரச்சொல்லிக் கெஞ்சினார். இவர் சிரித்தார்.

“சட்டம் கொழும்பில. கப்பல் இங்கிலீசிலதான் வரும்.”

கெட்டிக்காரர்தான். ஆனால் துறைமுகத்தை மட்டும் பார்த்து நாட்டைக் கணக்குப் போட்டுவிட்டார்.

சில வருடங்கள் கழித்துக் கிளாக்கர் பதவிக்கு நேர்முகம் வந்தது. மூன்று அதிகாரிகளும் சிங்களத்தில் கேட்டார்கள். இவர் எழுந்து நின்று இங்கிலீசில் விடை சொன்னார். உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை. நடுவில் இருந்தவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, மறுபடியும் சிங்களத்திலேயே கேட்டார். இவருக்குச் சிங்களம் விளங்கும், பேச வராது. பிறகு மூவரும் தங்களுக்குள் இங்கிலீசில் பேசிக்கொண்டார்கள். நல்ல மனிதன்தான், ஆனால் இனி உதவமாட்டான், சிங்களச் சோதனை எழுதட்டும், தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். எதிரே நிற்பவருக்குக் காதே இல்லை என்பதுபோல் பேசினார்கள். ஒரு சொல் தவறாமல் அவருக்கு விளங்கிற்று.

வீட்டுக்கு வந்து நல்லம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்.

“அவையள் தங்களுக்குள்ள இங்கிலீசுதான் கதைச்சவை. எனக்குத்தான் சிங்களம்.”

இப்போது மாலை நேரங்களில், தலை நரைத்த மனிதர், ஆதம்பாவா படித்த அதே வகுப்பில் சிங்கள எழுத்துகளை வளைத்து வளைத்துப் பழகுகிறார். ஏறமாட்டேன் என்கிறது. சோதனையில் தவறினால் இருக்கிற வேலையும் இல்லை. வீட்டில் உச்சரிப்பும் கிடையாது, வசனமும் கிடையாது. ஒருநாள் நல்லம்மா வேண்டுமென்றே சொதியில் உப்பைக் குறைத்துப் பார்த்தாள். அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

போன கிழமை வகுப்பு முடிந்து டொக்யாட் வீதியால் வந்துகொண்டிருந்தார். கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், தபால் கந்தோருக்கு எப்படிப் போகவேண்டும் என்று மரியாதையாக, நிறுத்தி நிதானமாக, இங்கிலீசில் கேட்டார். கந்தோர் அடுத்த சந்தியில்தான் இருந்தது. கனகசுந்தரம், வாய்பேசாதவர்கள் காட்டுவதுபோல் உதட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு, கையை விரித்தார்.