இரவல் டயரும் என் நாடியும்

லாரியை எஃப்.சி. காட்டப் போகும்போது நாமக்கல் பக்கம் எங்களைப் போன்றவர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. பக்கத்து வண்டிக்காரரிடம் நல்ல டயராக இரவல் வாங்கி மாட்டுவோம். பம்பருக்குப் பெயிண்ட் அடித்து, ஆபீசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவோம். தகுதிச் சான்று கைக்கு வந்ததும் டயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய மொட்டை டயரோடு லோடு ஏற்றப் போவோம். என் உடம்பையும் அப்படியே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்து நிழலில்கூட ஒதுங்காதவனுக்கு வேறு என்ன தோன்றும்?

ஹெவி லைசென்சைப் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அது இல்லாமல் வண்டிச் சாவியைத் தர மாட்டேன் என்று ஓனர் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது தலை சுற்றி நான் உட்கார்ந்ததை அவரே பார்த்தார். எனக்கும் அலுப்புதான். தூங்கி எழுந்தாலும் தூங்காதவன் மாதிரியே இருக்கிறது. ஆனால் ஓட்டாமல் வீட்டில் உட்கார்ந்தால் நான் யாரென்று எனக்கே தெரியாது. வீட்டுக்காரிக்குத் தெரியும். அதுதான் இன்னும் பயம்.

டாக்டரம்மா கையில் பிரஷர் பார்த்ததோடு விடவில்லை. இந்த வயதில் ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று தெரிய வேண்டும், நாடி அலையை அளக்கிற டெஸ்ட் இருக்கிறது, நாளைக் காலையில் வாருங்கள் என்றார். டீ, பீடி கூடாது. தினமும் போடுகிற மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் எனக்கு இரவல் டயர் ஞாபகம் வந்தது. என் பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்காரியின் பிரஷர் மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டு, மொபட்டில் அவளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டெஸ்ட் எடுக்கிற பெண் என்னைப் படுக்க வைத்து, மேல்கையில் பட்டை கட்டி, கழுத்தில் பேனா மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினாள். திரையில் கோடு மேடும் பள்ளமுமாக ஓடியது. இதயம் தள்ளுகிற அலை குழாய் வழியே போய் முட்டித் திரும்புமாம். குழாய் விறைத்திருந்தால் வேகமாக ஓடிச் சீக்கிரம் திரும்பிவிடுமாம். இப்போது என்னிடம் வேகமாக ஓடுவது அது ஒன்றுதான் என்றேன். அவள் சிரித்துக் கை ஆடி, கோடு கெட்டு, மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.

முடிந்து எழுந்தபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் தாங்கிப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். பிரஷர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. டாக்டரம்மா ஓடிவந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்றார். இட்லி என்றேன். வாசலில் நின்ற வீட்டுக்காரி சந்தேகப்பட்டுத் தன் பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க, எம்பட மாத்தரைய எதுக்குங்க தின்னீங்க?”

“நல்ல டயரா இருக்குமின்னு மாட்டிக்கிட்டேன்.”

“எம்பட டயரு மட்டும் புதுசுங்களா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கால்மாட்டை உயர்த்தி, ட்ரிப்ஸ் போட்டு, மதியம் வரை படுக்க வைத்தார். பிறகு காகிதத்தைக் காட்டினார். இரண்டு மாத்திரை போட்டு அமுக்கியும் அலை இவ்வளவு வேகமாக ஓடுகிறது, அடுத்த வாரம் ஒழுங்காக வாருங்கள், மறுபடி பார்க்கலாம், ஆனால் இப்போதைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

ரேடியேட்டர் ஹோஸ் காய்ந்து விறைத்துப்போனால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். இந்த ரத்தக்குழாய்க்கு ஸ்பேர் கிடையாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“கெடையாதுங்க. இருக்கறத வெச்சுத்தான் பாத்து ஓட்டோணும். லாரிய மட்டும் ஓட்டாதீங்க.”

திரும்பும்போது மொபட்டை வீட்டுக்காரி ஓட்டினாள். மடியில் பையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பைபாஸில் முட்டை லோடு ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் சின்னப் பையன். கியரைத் தப்பாக மாற்றினான். சொல்ல வாயெடுத்தேன். யாரிடம் சொல்வது?

“ஏ புள்ள, முன்னால வேகத்தடை.”

“தெரியுமுங்க. கம்முனு உக்காருங்க.”

கம்மென்றுதான் உட்கார்ந்திருந்தேன். வலது கால் மட்டும், வீடு வந்து சேர்கிற வரைக்கும், இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது.