முனவ்வரா டீச்சரும் முப்பத்திரண்டு சிவப்புப் பேனாக்களும்

முனவ்வரா டீச்சரைப் பற்றி எங்கள் பாடசாலை அதிபரிடம் முறைப்பாடு செய்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரத்தோட்டையில் நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். நான் தமிழ், அவர் கணிதம். போன வருடம் சாதாரண தரப் பரீட்சையில் பாதிப் பிள்ளைகள் கணிதத்தில் தேறவில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து கைப்பேசியில் இருந்தது. ஏஐயிடம் கணக்குகளைக் கொடுத்து விடை எழுதச் சொல்வார். அதைப் போட்டோகொப்பி எடுத்துப் பதினோராம் தர வகுப்புக்குக் கொடுப்பார். கூடவே முப்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சிவப்புப் பேனா.

"புதுசா சேர்ந்த புள்ள எழுதின பேப்பர்னு வச்சுக்கங்க. திருத்துங்க," என்பார்.

சிவப்புப் பேனாவாம்! எங்கள் பாடசாலையில் அது ஆசிரியர் மட்டும் தொடுகிற சாமான். பிள்ளை சிவப்பில் ஒரு கோடு போட்டாலே கொப்பியைத் தூக்கி எறிகிற ஆள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'மெஷின் கணக்குச் செய்கிறது, பிள்ளைகள் திருத்துகிறார்கள், டீச்சருக்கு என்ன வேலை?' என்று அதிபரிடமே கேட்டுவிட்டேன். அவர் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் சாரங்கனை வரவழைத்தார். ஆலோசகர் வேண்டாம் என்றால் இந்த முறையை அன்றோடு விட்டுவிட வேண்டும்.

டீச்சர் என்னோடு முகம் முறிக்கவில்லை. "நீங்களும் வந்து பாருங்க சேர். பாக்காம சொன்னா எப்படி?" என்றார்.

கடைசி வாங்கில் ஆலோசகருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாளில் ஐந்து கணக்குகள். என் பாடத்தில் கொட்டாவி விடுகிற ஷிஃபான் எழுந்து நின்று வாதாடினான். இரண்டு விடைகள் பிழை என்று வகுப்பே சேர்ந்து பிடித்துவிட்டது. மற்ற மூன்றும் சரி என்றார் டீச்சர்.

அப்போது தக்ஷாயினி எழுந்தாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வாய் திறப்பாள்.

"டீச்சர், நாலாவதும் பிழைங்க."

நாலாவது கணக்கு இதுதான். ஆறு பேர் பத்து நாளில் மிளகு பறித்து முடிப்பார்கள். நாலு நாள் போனபின் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். வேலை முடிய மொத்தம் எத்தனை நாள்? ஏஐ ஒன்பது என்று எழுதியிருந்தது. டீச்சரும் சரி போட்டிருந்தார்.

"ஒன்பது நாள் மிச்ச வேலைக்குத்தானேங்க. முதல் நாலு நாளக் கூட்டல. பதிமூணு வரணும்."

ஆலோசகரின் கண் டீச்சர் மேல் இருந்தது. நானாக இருந்தால் "உட்காரு" என்று ஓர் அதட்டலில் முடித்திருப்பேன். டீச்சர் கணக்கைத் திரும்ப வாசித்தார். தான் போட்ட சரியைத் தானே வெட்டினார்.

"புள்ள சொல்றதுதான் சரி. அது பிழை விட்டிருக்கு, நானும் கவனிக்காம விட்டுட்டேன்," என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. இருபத்தொரு வருடத்தில் ஒரு பிள்ளையிடம் நான் அப்படிச் சொன்னதே கிடையாது.

ஆலோசகர் எழுந்தார். "மெஷினும் பிழை, டீச்சரும் பிழை. அப்ப சோதனையில யாரை நம்பப் போறீங்க மகள்?"

தக்ஷாயினி யோசிக்கவே இல்லை. "யாரையும் இல்லைங்க சேர். செஞ்சு பார்ப்பேன்."

ஆலோசகர் அந்தப் பதிலை மட்டும் தன் அறிக்கையில் எழுதி, கையெழுத்துப் போட்டு அதிபரிடம் கொடுத்துவிட்டுப் போனார். 'வேண்டாம்' என்ற சொல் அதில் இல்லை.