பக்கத்து நாற்காலியில் ஊதாத் தொப்பி

இது கட்டுக்கதை இல்லை. அலபாமாவில், எங்கள் ஊர்க் கல்லூரியில் நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைத்து விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இது வந்தது பட்டப்பகலில். சாப்பாட்டுக் கூடத்தில் வறுத்த கோழிக்கு வரிசை நிற்கிற நேரத்தில்.

டெனீஷா கறுப்பினப் பெண். முதலாம் ஆண்டு. ஒடெஸ்ஸா கிரீன்லீ என்ற அம்மையார் பெயரில் தருகிற உதவித்தொகையில்தான் படிக்கிறாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த இந்தக் கல்லூரியில், அறுபது வருடத்துக்கு முன் முதன்முதலாகக் கால் வைத்த கறுப்பின மாணவி அவர்தான். சுவரில் தொங்கும் அவருடைய இளவயதுப் படத்தை டெனீஷா பார்த்திருக்கிறாள். ஆளைப் பார்த்ததில்லை. அன்று மாலை கல்லூரியில் நடக்கும் உதவித்தொகை விருந்துக்கு அவர் வருகிறார், நேரில் நன்றி சொல்லவேண்டும்.

ஆனால் அவள் நினைப்பெல்லாம் மேசையில் இருந்தது. ஜன்னலோர மேசை. மெக்கென்னா, ஹேலி என்ற இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் அந்த வாரம்தான் அவளை அங்கே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். வந்த நாளிலிருந்து தனியாகச் சாப்பிட்டவளுக்கு அது பெரிய இடம். அதை இழக்க அவளுக்கு மனமில்லை.

"இங்க யாராச்சும் உக்காருறாங்களா, கண்ணு?"

நிமிர்ந்தாள். வயதான ஒரு கறுப்பின அம்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மாதிரி ஊதாத் தொப்பி. ஆனால் காலில் செருப்பில்லை. மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. கையில் இருந்த தட்டில்... ஒன்றுமே இல்லை.

எங்கிருந்தோ தப்பி வந்தவர் போல. என் சொந்தக்காரி என்று இவர்கள் நினைத்துவிட்டால்? டெனீஷாவுக்கு முகம் சுட்டது.

"ஆள் வராங்கம்மா," என்றாள். பொய்தான்.

"எப்பவும் அதான் சொல்லுவாங்க," என்று சிரித்தபடி அந்த அம்மா உட்கார்ந்தார். நாற்காலி நகர்ந்த சத்தமே வரவில்லை.

பக்கவாட்டில் சில்லென்றது.

பிறகுதான் சத்தம்.

கிரீச்...

பின்னால் ஒரு நாற்காலி. அதற்கப்புறம் இன்னொன்று.

கிரீச்... கிரீச்...

கூடம் முழுக்க, எல்லோரும் எழுந்துகொள்கிற சத்தம்.

அவளும் எழுந்தாள்.

தட்டைத் தூக்கினாள். நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை விருந்தில் நடு நாற்காலி காலியாக இருந்தது. ஒடெஸ்ஸா அம்மையாரின் மகன் கர்டிஸ் எழுந்து, அம்மா அன்று காலையிலேயே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு டெனீஷாவைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க படிச்ச நாலு வருஷமும்மா. எங்கம்மா எந்த மேசைல உக்காந்தாலும் எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. நேத்து ராத்திரி பூரா உன் பேச்சுதான். 'சாயங்காலம் வரைக்கும் யாரு காத்திருக்கிறது, மத்தியானமே போய் அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்'னாங்க. விடிஞ்சதும் ஊதாத் தொப்பியை வெச்சுவிடச் சொன்னாங்க. வெச்சுவிட்டேன். அதோடதான் போனாங்க."

டெனீஷாவுக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. விடுதிக்கு ஓடிப்போய் மெக்கென்னாவின் கதவைத் தட்டினாள்.

"மத்தியானம் நம்ம மேசைக்கு வந்தாங்களே... தொப்பி போட்டுக்கிட்டு... அந்த அம்மா..."

"எந்த அம்மா? யாரும் வரலையே."

"கூடத்துல எல்லாரும் எழுந்தாங்களே. நாற்காலிச் சத்தம்..."

மெக்கென்னா அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யாரும் எழுந்திரிக்கல, டெனீஷா. பேசிட்டிருக்கும்போதே நீதான் விருட்டுனு எழுந்து போனே. என்னமோ ஏதோன்னு நாங்களும் உன் பின்னாடியே வந்தோம். கேட்டது உன் நாற்காலிச் சத்தம் மட்டும்தான்."