எனக்குக் கிடைக்காத தரிசனம்

முதலில் மறுத்தது வலது கால். ஒரகடத்துத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுவதற்காகப் படியில் கால் வைத்தேன். உடம்பு மேலே வரவில்லை. பின்னால் நின்ற பெண் இடுப்பைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். "இன்னாக்கா, லைன்ல நின்னு நின்னு காலு மரத்துப்போச்சா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். டிரைவர் சீட்டில் இருந்தவர் மட்டும் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் கணவர் தணிகைவேல்.

அதற்கு முந்தைய வாரம் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அதன் அசதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். மறுநாள் பாத்ரூமில் உட்கார்ந்த என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கணவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் மருத்துவர் சிறு சுத்தியால் என் முழங்காலைத் தட்டினார். கால் துளியும் ஆடவில்லை. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்துவிட்டு, கில்லன் பாரே நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி நரம்புகளைத் தாக்குவது) என்றார்.

"பயப்படாதீங்க, பெரும்பாலும் மீண்டு வந்துடுவாங்க. ஆனா கால்ல ஆரம்பிச்ச இந்தச் செயலிழப்பு ஏற வேண்டிய வரைக்கும் ஏறித்தான் இறங்கும். மூச்சு வரைக்கும்கூட ஏறலாம்" என்றார்.

எனக்கு மூச்சு வரைக்கும் ஏறியது.

வெண்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) போட்டார்கள். பிறகு டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைப்பது) செய்தார்கள். கண் இமைகூட என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் காது கேட்டது, நினைவு தெளிவாக இருந்தது. உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், அவர் எதிரில் பேசும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

அந்த இருட்டில் நான் காத்திருந்தேன். யாருக்காக என்பதைச் சொல்ல, நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் மணிமங்கலத்துப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். திருமணத்துக்குப் பிறகு பென்னலூர்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்திவந்தேன். எல்லாரும் கைவிடும் இடத்தில் ஆண்டவர் வந்து நிற்பார் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். என் கணவர் எங்கள் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருவார். பிரசங்கம் நீண்டால் வெளியே போய் பைக் மேல் உட்கார்ந்துகொள்வார்.

தெரிந்த ஜெபமெல்லாம் மனதுக்குள் சொன்னேன். பிறகு வார்த்தை இல்லாமல் கூப்பிட்டேன். கருவியின் சத்தம் கேட்டது. நர்ஸுகள் சினிமாவைப் பற்றியும் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். வேறு யாரும் வரவில்லை.

இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றிய சில வாரங்களில் இமைகள் திறந்தன. கழுத்தில் இன்னும் குழாய் இருந்ததால் குரல் இல்லை. அப்போதுதான் எங்கள் சபையின் சாந்தி அக்கா பார்க்க வந்தார். என் நெற்றியில் கை வைத்து ஜெபித்துவிட்டு, குனிந்து சொன்னார்: "உனக்கு விஷயம் தெரியுமா? உன் வூட்டுக்காரருக்கு ஆண்டவர் தரிசனம் குடுத்துட்டாரு! ஆஸ்பத்திரி வராண்டாவுலயே. மனுஷன் ஆளே மாறிட்டாரு!"

நான் இமைத்தேன். அதைத் தவிர என்னால் எதுவும் முடியாது. அக்கா அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டு என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

மருந்து ஏறும்போதும் முதுகில் ஊசி இறங்கும்போதும் வலித்திருக்கிறது. இது வேறு விதமாக எரிந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்த ஆண்டவர் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரவில்லை. கூப்பிட்டுக்கொண்டு கிடந்தவள் நான். அவர் போய் நின்றதோ, கூப்பிடவே தெரியாத ஒருவரிடம்.

குழாயை எடுத்துக் கழுத்துத் துளை மூடிய பிறகு, கரகரவென்று வந்த குரலில் நான் கணவரிடம் முதலில் கேட்டது இதைத்தான்.

"என்ன பாத்தீங்க?"

அவர் தலை குனிந்துகொண்டார். "தரிசனம்லாம் இல்ல. சபைல இருக்கறவங்கதான் அப்டி சொல்லிக்கினு கீறாங்க. நான் ஒண்ணும் பாக்கல."

"பின்ன?"

"வராண்டால உக்காந்துகினு இருந்தேன். ஜெபம்கூடப் பண்ணல. உங்க சாமி மேல கோவமா இருந்தேன். அப்போ பக்கத்து சேர்ல யாரோ வந்து உக்காந்தாங்க."

"யாரு?"

"சேரு காலியாத்தான் இருந்துச்சு. ஆனா அவரு கீறாருன்னு எனக்குத் தெரியுது. உன்னக் காப்பாத்துறேன்னு சொல்லல. ஒண்ணுமே சொல்லல. என்கூட உக்காந்துகினு இருந்தாரு. நான் அழுதுட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"கையில வச்சிருந்த டீ ஆறிப்போற வரைக்கும்."

பெரிய ஒளி, இடி, வசனம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் பிரமை என்று தள்ளியிருப்பேன். அவர் சொன்னதில் தள்ளிவிட எதுவும் இல்லை. அதனால் பொறாமை கூடியது.

எங்கள் போதகர் பார்க்க வந்தபோது, ஆண்டவர் தன்னை இப்படி மறைத்துக்கொள்வது என்ன இரகசியம் என்று கேட்டேன். அவர் நிதானமானவர், அடுக்கிப் பேசாதவர்.

"இரகசியம்னா ஆண்டவர் பூட்டி வச்சிருக்கிற விஷயம்னு நாம நினைச்சுக்கிறோம்மா. நம்ம விசுவாசத்துல அப்படி இல்ல. அவர் ஒரு மனுஷனா வந்து, ஊரறியத் தன்னைக் காட்டிட்டாரு. காட்டின பிறகும் நமக்குப் புரிஞ்சு தீராம இருக்காரு பாரு, அதுக்குப் பேருதான் தேவ இரகசியம். வெளிப்பாடுன்னா நமக்கு ஒரு தகவல் வர்றது இல்ல. அவரே வர்றது."

"அது எனக்குத் தெரியும் ஐயா. பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். வராண்டா வரைக்கும் வந்தவரு ஏன் உள்ள வரல?"

போதகர் கையிலிருந்த வேதத்தைப் புரட்டினார். பதில் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

அதுவரை என் படுக்கையருகே எத்தனையோ பேர் எத்தனையோ விளக்கம் சொல்லியிருந்தார்கள். சோதனை என்றார்கள், திட்டம் என்றார்கள். தெரியாது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அன்றைக்குக் கொஞ்சம் தூங்கினேன்.

வீடு திரும்பிய பிறகு பிசியோதெரபி தொடங்கியது. இதே நோயிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் உட்காரக் கற்க வேண்டும், பிறகுதான் நிற்க. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தால் தலை பூசணிக்காய் மாதிரி கனக்கும். கை நடுங்கி ஸ்பூன் காதுப் பக்கம் போகும். இதெல்லாம் தோல்வி இல்லை. நரம்பு தன் வேகத்தில்தான் வளரும், நம் அவசரம் அதற்குத் தெரியாது.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகும்போது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் கணவர் வேதம் வாசிப்பார். வரிக்கு அடியில் விரல் வைத்து, பசித்தவன் சாப்பிடுவது போல வாசிப்பார். அந்தப் பகுதிகள் எனக்கு மனப்பாடம். அவருக்கு இனித்தது எனக்கு வெறும் தண்ணீராக இருந்தது. சில நாள் வேண்டுமென்றே தண்ணீர் கேட்டு அவரை எழுப்பி அனுப்பினேன்.

ஒரு ஞாயிறு அவரைச் சபையில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தேன். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் சம்சாரத்துக்கு மூச்சு வந்துடுச்சு. அவ்ளோதான் எனக்குச் சொல்லத் தெரியுது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சாந்தி அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு நோயைப் பற்றி மட்டும் எழுதினால் உங்களுக்கு உதவாது. படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு இப்படியும் வரும்.

வாக்கரைத் தள்ளி வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிய மாதங்களில் அவர் வாசிப்பது குறைந்தது. பிறகு நின்றுபோனது. ஷிப்ட் முடிந்து வந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மத்தியானம் நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். அதுவே என் விரல்களுக்கான பயிற்சி. அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அது திரும்ப வரவே இல்ல" என்றார்.

"எது?"

"அன்னிக்கு வராண்டால வந்தது. அப்பறம் அந்த ஆஸ்பத்திரிக்கே போயி, அதே சேர்ல உக்காந்து பாத்துட்டேன். ஒண்ணுமில்ல." ஒரு கொத்தமல்லித் தழையை எடுத்துக் கிள்ளினார். "உனக்கு எத்தினி தபா வந்துகீது?"

"ஒரு தடவைகூட இல்ல."

"சின்னதுலேர்ந்தா?"

"சின்னதுலேர்ந்து."

அவர் என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்பறம் எப்டி தினம் காலைல ஜெபத்துல உக்காந்துகினு அவராண்ட பேசிக்கினு கீற? நான் ஒரே தபா ருசி பாத்துட்டு இத்தினி மாசம் தாங்க முடியாம கெடக்கறேன். நீ ஒண்ணுமே இல்லாம... எனக்கு அது வரமாட்டேங்குது. எனக்கு அதான் ஓணும்."

அவர் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. மாதக்கணக்கில் அதை நான் என் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். என்னிடம் இல்லாததைப் பார்த்து நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

"சொல்லிக் குடுக்க அதுல ஒண்ணுமில்ல" என்றேன். "வந்து உக்காரணும். அவ்ளோதான்."

"எதுவும் வரலன்னா?"

"வரலன்னா மறுநாளும் உக்காரணும்."

மறுநாள் அவர் வந்து உட்கார்ந்தார். இன்றும் உட்கார்கிறார். என் பொறாமை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். டீ ஆறும் நேரமளவு அவருக்குக் கிடைத்தது இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. வேண்டும் என்றே இருக்கிறது.

இப்போது உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். முன்பு என் பொழுதை லைனின் வேகம் ஓட்டியது. இப்போது உடம்பு தன் கணக்கில் ஓட்டுகிறது. ஒரு படி ஏறுவது ஒரு முழு வேலை, அதை முடித்த பிறகுதான் அடுத்த படி. முழங்காலுக்குக் கீழே தோல் இன்னும் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. தரை இருப்பதைப் பார்த்துத்தான் மிதிக்கிறேன்.

போன வாரம் ஒரு காலை. அவர் பாயில், நான் கட்டிலில், இருவரும் கண்ணை மூடியிருந்தோம். தொடங்கும்போது அவர் என் பாதத்தின் மேல் கை வைத்தது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த உணர்வு போய்விட்டது.

"கைய எடுத்துட்டீங்களா?"

"இல்லியே. அங்கதான் கீது."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அங்கேதான் இருந்தது.