பியானோவின் திடீர்ப் பாய்ச்சல்கள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு பியானோ கசட்டை வாயாரப் புகழ்ந்திருந்தேன். நினைவிருக்கிறதா? இல்லையென்றால் நல்லது. அப்படியே இருந்துவிடுங்கள்.

கசட் மருதமுனை ஜவாத் டொக்டருடையது. ஐரோப்பாவில் ஒரு மேடை. ஒரு மனிதர் தன்னந்தனியாகப் பியானோ முன் உட்கார்ந்து, தாள் எதையும் பார்க்காமல், அந்தந்த நேரத்தில் தோன்றியதை வாசிக்கிறார். சபையின் சத்தத்தோடு அப்படியே பதிவு செய்திருக்கிறார்கள். ஜாஸ். டொக்டர் ஒரேயொரு நாள்தான் இரவல் தந்தார். கல்முனையில் கசட்டுக்குக் கசட் பிரதியெடுத்துத் தரும் றகீமின் கடையில், அவருடைய ‘ரெக்கோடிங் பாரில்’, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிரதியைக் கேட்டுத்தான் எழுதினேன். என்ன எழுதினேன்? ‘ஓடிக்கொண்டிருக்கும் இசை திடீரென்று அறுந்துபோகிறது, நாம் மூச்சு வாங்குமுன் வேறெங்கோ நிற்கிறது. இந்தப் பாய்ச்சலே கலைஞரின் துணிச்சல்.’ போதாதென்று, ‘கடைசிவரை ஒரு கைதட்டல்கூட இல்லை — என்ன கல்நெஞ்சச் சபை!’ என்று ஐரோப்பாவையும் ஒரு பிடி பிடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது டொக்டர் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், நீ எந்தக் கசட்டக் கேட்டாய்? என்ட கசட்டில சனம் கைதட்டிக் கூரையப் பிய்க்கிது. அறுந்த இடம் ஒண்டுமில்ல. தண்ணி மாதிரி ஓடுது!”

“ஒழுங்காக் கேட்டுத்தான் எழுதினன்…”

“அப்ப ஒன்ட காதுதான் பழுது. மறுப்பு எழுது. இல்லாட்டி நான் ஆசிரியருக்கு எழுதுவன்.”

எழுதினால் என் பத்தி என்னாகும்? நேரே றகீமிடம் ஓடினேன்.

றகீம் மௌலவிமாரின் மார்க்கப் பேச்சுகளுக்கு, அதாவது பயான் கசட்டுகளுக்கு, பாலமுனை வரை பெயர்போனவர். பேச்சுக்கு நடுவே இருமல், தும்மல், பிள்ளை அழுகை — எது வந்தாலும், பிரதியெடுக்கும்போது பொத்தானை அமுக்கி நிறுத்துவார். சத்தம் ஓய்ந்ததும் மீண்டும் ஓடவிடுவார். பயான் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

“அந்த மனிசன் வாசிக்கக்குள்ள கூடவே முனகிறாரு, காக்கா. வயித்துவலிக்காரன் மாதிரி! முனகின இடமெல்லாம் வெட்டினன். சனம் இருமினது, கைதட்டினது எல்லாம் வெட்டினன். அரைவாசிக் கசட் மிச்சம்!”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாமே?”

“இதெல்லாம் கேட்டா செய்யிற? நம்மட கடைக்கு ஒரு பேர் இரிக்கி.”

என் விமர்சனத்தை அவர் முன் விரித்தேன். விரலை வைத்து மெதுவாக வாசித்தார். நிமிர்ந்தார்.

“பாய்ச்சல் எண்டு எழுதியிரிக்கிறது… நான் வெட்டின இடந்தானே?”

“…ஓம்.”

“அல்ஹம்துலில்லாஹ்! எத்தின வருசமா வெட்டிறன் காக்கா. ஒருத்தராவது பாராட்டினதில்ல!”

ஆகவே டொக்டர், இதோ நீங்கள் கேட்ட மறுப்பு. ஐரோப்பியச் சபையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் இங்கே புகழப்பட்ட கலைஞர் கல்முனைப் பிரதான வீதியில் இருக்கிறார்.

மற்றபடி, விமர்சனத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை.