மாமா ஆடச் சம்மதித்த வருஷம்

எங்கள் மாமாவின் கால்கள் மாமாவுக்குச் சொந்தமில்லை என்பது எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். அம்மாதான் சொல்லியிருந்தாள். அம்மாவின் தம்பியான அவர் ஊர் ஊராகப் போய்க் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறவர். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அந்தக் கால்கள் கிளப்புக்குச் சொந்தம். அதனால் லீவில் வீட்டுக்கு வந்தால் மாமா பைக் ஓட்டக் கூடாது, படகில் தாவி ஏறக் கூடாது, முக்கியமாக மாதா கோயில் திருவிழாப் போட்டியில் ஊர் அணிக்காக ஆடவே கூடாது.

மாமா நடுக்கள ஆட்டக்காரர். இதை ஊரில் யாருக்கும் விளக்கி மாளாது. கடைக்குப் போனால் அண்ணாச்சி, "இந்த வருசம் எத்தன கோலுடே?" என்பார்.

"நான் கோலு அடிக்கதில்ல அண்ணாச்சி. அடிக்கவனுக்குப் பந்த எடுத்துக் குடுக்கது."

"அப்ப சம்பளம் அவனுக்குல்லா குடுக்கணும்."

ஆரம்பத்தில் மாமாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு வாங்க வந்த சாமானை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். டிவியில் அவர் மேட்சைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்போம். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். மாமாவோ பந்து வந்த வேகத்தில் அதை யாருக்காவது கொடுத்துவிடுவார். "இன்னா நிக்கான்" என்று அம்மா விரல் நீட்டுவதற்குள் திரையில் வேறு யாரோ நிற்பார்கள்.

சென்னை, கோவா, கொல்கத்தா, பெயர் வாயில் நுழையாத ஒரு மலையூர் என்று அவர் மாறிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு லீவுக்கும் வேறு வேறு நிறத்தில் ஜெர்சி வரும். முழங்கால் வரை தொங்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன். கிளப் மாறுவது பதவி உயர்வு என்று நினைத்திருந்தேன். இப்போது நானே துறைமுகத்தில் வருஷ ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். மறுபடி கையெழுத்துக்குக் கூப்பிடும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. அலுத்துப்போய்விட்டது. அந்த வயதில் அதெல்லாம் என்ன தெரியும்?

வந்தால் மாமா தூங்குவார். ரயிலில் வந்த களைப்பு என்று அம்மா சொல்வாள். களைப்பு லீவு முடியும்வரை தீராது. எழுந்தால் ஐஸ். அப்பா மீன் இறங்குதுறையில் ஐஸ் உடைக்கும் மெஷினில் வேலை பார்த்தார். சாயங்காலம் வரும்போது ஒரு மீன் பெட்டி நிறையத் தூள் ஐஸ் கொண்டுவருவார். மாமா இரண்டு கால்களையும் அதற்குள் புதைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "ஏலத்துக்கு வச்ச மாதிரி இருக்கு அத்தான்" என்பார். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

திருவிழாக் கொடி ஏறியதும் ஊர் அணிப் பையன்கள் வருஷம் தவறாமல் அவரைக் கேட்டு வருவார்கள். மாமாவும் தவறாமல் மறுப்பார். பிறகு மீன் ஏலம் போடும் இடத்தில் பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொள்வார்கள். உன் தம்பிக்குப் பெத்த ஊர் கசந்துபோச்சோ என்பார்கள். அம்மா அங்கே அவர்களோடு மல்லுக்கு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து மாமாவோடு நிற்பாள்.

"ஒரே ஒரு ஆட்டம் ஆடுனா தேஞ்சா போவே?"

"ஒப்பந்தத்துல கூடாதுன்னு எழுதியிருக்குக்கா. முட்டுல அடிபட்டா என்னைய யாரு வச்சுக்கிடுவா?"

மறுநாள் அம்மா அதே வார்த்தைகளை ஏலத்தில் போய்ப் பெருமையாகச் சொல்வாள்.

அந்த வருஷம் மாமா சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். முழங்காலில் தையல் போட்ட தழும்பு இருந்தது. "லீவு குடுத்திருக்காவ" என்றார். போன் அடித்தால் எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவார். திரும்பி வந்து படுத்துக்கொள்வார். எப்போது டிக்கெட் என்று முதலில் தினமும் கேட்ட அம்மா பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

திருவிழாவும் வந்தது. இறுதிப் போட்டி பக்கத்து ஊரான பெரியதாழை அணியோடு. பையன்கள் வழக்கம்போல வாசலில் நின்று கேட்டார்கள். பதில் தெரிந்த கேள்வி என்பதால், கேட்ட வாயோடு திரும்பி நடக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

"சரி, ஆடுதேன்" என்றார் மாமா.

பையன்கள் அவரைத் தூக்காத குறை. பின்கட்டில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். கத்தி நின்றது. அவள் உள்ளே பார்த்து, "கிளப்புல கேட்டியாலே?" என்றாள்.

"கேக்க வேண்டாம்க்கா."

அம்மா உரசி முடித்த மீனையே மறுபடி உரச ஆரம்பித்தாள். எனக்குக் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் ஆடு ஆடு என்று உயிரை வாங்கியவளுக்கு, அவர் ஆடுகிறேன் என்னும்போது சந்தோஷப்படத் தெரியவில்லையே.

ஆட்டம் பார்க்கவும் அவள் வரவில்லை. அப்பாவோடு போனேன். மாமா அதிகம் ஓடவில்லை. மணலில் நடுவாக நின்றார்; பந்து எப்படியோ அவரைத் தேடி வந்தது, வந்ததும் போனது. "ஏலே, நிக்காத, ஓடு" என்று கூட்டம் அவருக்கே ஆட்டம் சொல்லிக்கொடுத்தது. கடைசியில் அவர் தட்டிக் கொடுத்த பந்தை ஐஸ் கம்பெனிப் பையன் ஒருவன் கோலாக்கினான். நாங்கள் ஜெயித்தோம். ஊரே அந்தப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. மாமா குனிந்து முழங்காலைப் பிடித்தபடி மைதானத்தில் தனியாக நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அப்பா ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா தரையில் உட்கார்ந்து வெறுங்கையால் ஐஸை அள்ளி அள்ளி முழங்காலைச் சுற்றி வைத்தாள். ஏன் ஆடினாய் என்று கேட்கவில்லை. மாமாவாகத்தான் சொன்னார்.

"இந்தத் தடவ என்ட்ட கையெழுத்து வாங்கலக்கா. வேற எங்கனயும் கூப்பிடவும் இல்ல. இனி நான் எப்ப வேணும்னாலும் இங்கன ஆடலாம்."

அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். என் காதில் விழுந்தது மாமாவின் கடைசி வாக்கியம் மட்டும்தான். கிளப் கால்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இனி மாமா எங்கேயும் போகமாட்டார், எல்லாத் திருவிழாவிலும் ஆடுவார். இதைவிட நல்ல சேதி ஊருக்கு வேறென்ன இருக்கிறது? "மாமாவ கிளப்புல விட்டுட்டாவ, மாமாவ கிளப்புல விட்டுட்டாவ" என்று கத்திக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன். ஜெயித்த கூட்டம் இன்னும் கலையாமல் கோயில் முன்னால் நின்றிருந்தது.

"ஏளா, நில்லு" என்று அம்மா பின்னால் ஓடிவருவது கேட்டது. அவளும் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். நான்தான் முதலில் சொல்லவேண்டும் என்று இன்னும் வேகமாக ஓடினேன்.