பூரணியக்கா காய்ச்சிய தண்ணீர்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பூரணியக்காவின் இடுப்பில் ஏறாத பிள்ளை இல்லை. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஒன்பது வருடமாக அவர்தான் ஆயா. அதற்கு முன் மலையில் கொழுந்தெடுத்தவர். மழையில் வழுக்கி விழுந்து முழங்கால் மடங்காமல் போனதால் இந்த வேலையைக் கொடுத்தார்கள். இதுவும் போனால், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கும் அறையையும் விட வேண்டியதுதான்.

1961ஆம் ஆண்டு ஆனி மாதம் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. முதலில் நாலு பேர், பிறகு பதினொரு பேர். மலையிலிருந்து தகரக் குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீரில் கிருமி இருக்கலாம் என்றார் சுகாதாரப் பரிசோதகர் சிவபாதம். எங்களுக்கு விளங்கவில்லை. வாளியின் அடி பளிச்சென்று தெரிகிற தண்ணீர் அது. பீலிக்கு மேலே புதிய லயம் கட்டி மூன்று வருடம். அதன் கக்கூசுக் குழிகள் மழைக்கு வழிவதை எல்லோரும் பார்த்திருந்தோம். இரண்டையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார் சிவபாதம். அக்கா காய்ச்சினார். ஆனாலும் வயிற்றோட்டம் நிற்கவில்லை. சிவபாதம் பீலியில் ஒரு போத்தலும் பிள்ளைக்காம்பராப் பானையில் ஒரு போத்தலும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். இரண்டிலும் மனித மலத்தில் இருக்கும் கிருமி என்று பதில் வந்தது.

தண்ணீரைக் காய்ச்சாமல் விறகை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று பேச்சு; அன்றிலிருந்து அக்கா பொய்க்காரி. "அக்கா வீட்டு அடுப்பு நல்லா எரியுது. பிள்ளைக்காம்பரா அடுப்புதான் குளிருது" என்று மீனம்மா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, தன் பிள்ளையை மலைக்கே தூக்கிப்போனார். தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா இரண்டு வாரம் பார்ப்பதாகவும், பிறகு வேறு ஆளைப் போடுவதாகவும் சொன்னார்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கே சிவபாதம் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்கா நன்றாகக் கொதிக்கவிட்டு, துணியால் மூடி ஆறவைத்தார். பிறகு சாமி படத்துக்குக் கீழே இருந்த செம்பை எடுத்து, அதிலிருந்து ஒரு கை தண்ணீரைப் பானையில் ஊற்றிக் கும்பிட்டார்.

"அது என்ன தண்ணி, அம்மா?"

"மாரியம்மன் தீர்த்தமுங்க. பீலியோரத்து அம்மன் கல்லுகிட்ட பிடிச்சது. பிள்ளைகளுக்கு ஒன்னும் வந்துறக் கூடாதில்லீங்களா."

காய்ச்சிய பிறகு பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது என்று சிவபாதம் விளக்கினார். அது பச்சைத் தண்ணீர் இல்லை, தீர்த்தம் என்றார் அக்கா. அக்கா வாதத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. தன் மகளுக்கு அம்மை போட்டபோது அந்தத் தீர்த்தத்தைத்தான் கொடுத்தார். மகள் பிழைத்து இன்று வட்டகொடையில் குடும்பம் நடத்துகிறாள்.

"அப்ப காப்பாத்துன தண்ணி இப்ப எப்புடிங்க கெடுக்கும்?"

"அப்ப மேலே லயம் இல்லை, அம்மா" என்றார் சிவபாதம்.

தீர்த்தத்தைக் காய்ச்சலாமா என்று பூசாரி ஆண்டியப்பனிடம் போய்க் கேட்டார் அக்கா. தன் அப்பா அதைப்பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை, வெள்ளிக்கிழமை அம்மனிடம் பூப்போட்டுப் பார்க்கலாம் என்றார் பூசாரி. அன்று திங்கட்கிழமை.

மறுநாள் அக்கா தீர்த்தத்தை முதலிலேயே பானையில் ஊற்றி அடுப்பை மூட்டினார். "சுட்டா பொறுத்துக்க தாயே" என்று கொதித்து முடியும்வரை கைகூப்பி நின்றார்.

பத்து நாளில் வயிற்றோட்டம் அடங்கியது. மீனம்மா மறுபடி பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். கண்டாக்கையாவும் வேறு ஆளைத் தேடவில்லை. ஆனால் அக்காவின் முகம் தெளியவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ படிச்சவன், சொல்லு தம்பி. கொதிச்ச பெறகு அம்மன் அதுல இருக்குமா?"

கிருமி இருக்காது என்றேன்.

"அது எனக்கும் தெரியும்" என்றார். "நான் கேட்டது அது இல்ல."